இதய ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பிதற்றுகிறார்: தூக்க ஊசி போடச் சொல்லலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஐந்து நாட்களுக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், எங்களிடம் நன்றாகப் பேசினார். மூன்றாம் நாள் ராத்திரியிலிருந்து ஆளே மாறிவிட்டார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். நர்ஸ் மருந்தில் ஏதோ கலக்கிறார் என்றார். அம்மாவைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்டார். யூரின் டியூப்பைப் பிடித்து இழுத்ததால் கையைக் கட்டிவைத்தார்கள். காலை நேரத்தில் ஓரளவு தெளிவாக இருந்தார். நேற்றிலிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பதில் சொல்லும்போதே தூங்கிவிடுகிறார். சரியாகிக்கொண்டு வருகிறாரா? இது மனநோயா, மூளை பாதித்துவிட்டதா? நன்றாகத் தூங்கினால் தெளிந்துவிடும், தூக்க ஊசி போடச் சொல்லுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. காது சரியாகக் கேட்காது. காது மெஷின் தொலைந்துவிடும் என்று வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம். பல வருடமாக ராத்திரி அல்ப்ரசோலம் மாத்திரை போட்டுத்தான் தூங்குவார்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது இன்றே கவனிக்க வேண்டியது. அப்பா தினமும் அல்ப்ரசோலம் போடுபவர் என்பது ஐசியூ டாக்டருக்குத் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன் ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?’ என்று கேட்கும்போது இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் சொல்வார்கள். தூக்க மாத்திரையைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பல வருடம் பழகிய உடம்புக்கு அது திடீரென்று நின்றுபோனால் ஓரிரு நாளில் பதற்றம், கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். மூன்றாம் நாள் ராத்திரி என்ற கணக்கு இதற்குப் பொருந்துகிறது. இதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடம், கடைசியாக என்றைக்குப் போட்டார் என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். குடி நின்றதால் வரும் பிதற்றலும் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்துக்குப் போகும். இந்த இரண்டுக்கும் தரும் சிகிச்சை, மற்ற காரணங்களால் வரும் பிதற்றலுக்குத் தருவதிலிருந்து வேறு என்பதால், மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அடுத்து, ‘சரியாகிக்கொண்டு வருகிறாரா?’ என்ற கேள்வி. சத்தம் அடங்கியதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்லும் திடீர் மனக்குழப்பம். சிறுநீரகமோ கல்லீரலோ திடீரென்று தடுமாறுவதைப்போல மூளை சில நாட்களுக்குத் தடுமாறுகிறது. இது மனநோய் அல்ல. மறதி நோயும் அல்ல. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்து நிற்கும், ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் தெளிவு, பொழுது சாய்ந்தால் குழப்பம் என்பது இதன் வழக்கமான போக்கு. இதய ஆபரேஷன் முடிந்த பெரியவர்களிடம் இது புதிதும் அல்ல. இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷன்கள் பரவிய 1960-களிலேயே டாக்டர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். நாள்தோறும் முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் வரைக்கும்கூட இது தென்பட்டிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு நாள் தெளிவாகப் பேசிவிட்டு இரண்டாம், மூன்றாம் நாளில் குழம்புவதும் வழக்கமே. அதனால்தான் குடும்பத்தார் இன்னும் அதிகமாக அதிர்ந்துபோகிறார்கள்.

இதில் இரண்டு முகம் உண்டு. ஒன்று, கத்தி, எழுந்து ஓடப் பார்த்து, டியூப்பைப் பிடுங்குவது. இது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொன்று, சுருண்டு படுத்து, கேட்டதற்கு மட்டும் முனகி, பாதியிலேயே கண் செருகுவது. இது ‘பாவம், அசதியில் தூங்குகிறார்’ என்று விடப்படும். இரண்டும் ஒரே ஆளிடம் மாறி மாறி வரும். இந்த அமைதியான வகையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொல்லை கொடுக்காத நோயாளியிடம் யாரும் காரணம் தேடுவதில்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, இருமிச் சளியை வெளியேற்றுவதில்லை, எழுந்து உட்காருவதில்லை. அதனால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் இவர்களிடம்தான் எளிதாக வரும்.

உங்கள் அப்பா இப்படித் திடீரென்று மந்தமானதால் முதலில் பார்க்க வேண்டியது விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு. ஆபரேஷனுக்குப் பிறகு இன்சுலின் போகும், சாப்பாடு பாதிதான் இறங்கும், சர்க்கரை தாழ்ந்துவிடும். அடுத்து ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் அளவு திரையில் நன்றாகத் தெரிந்தாலும், மூச்சு ஆழமில்லாமல் போனால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தும். வலி ஊசியோ, கலகத்தை அடக்கப் போட்ட மயக்க மருந்தோ உடம்பில் தங்கியிருக்கலாம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அந்த மருந்துகள் வெளியேற இன்னும் நேரம் பிடிக்கும். ‘நேற்று ராத்திரி அமைதிப்படுத்த என்ன மருந்து, எவ்வளவு போட்டீர்கள்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பக்கவாதத்தையும் விலக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே சரிகிறதா, வார்த்தை குழறுகிறதா, பார்வை ஒரு பக்கமே நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே நர்ஸை அழைத்து, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள். இவை எதுவும் இல்லாமல் குழப்பம் மட்டும் இருந்தால் அது டெலிரியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஆழ்ந்த மயக்கம் தெளியாவிட்டால் டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், பயந்துவிடாதீர்கள்.

டெலிரியத்தின் மையம் கவனச் சிதறல். பெயர், ஊர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் தெளிந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஐசியூவில் செய்யும் ஒரு சோதனை இது: நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எழுத்துகளை மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தில் விடுவது, வேண்டாத இடத்தில் அழுத்துவது எல்லாம் சேர்த்து இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். பேசக்கூடியவர் என்றால் கிழமைகளை ஞாயிற்றிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். ‘ஞாயிறு, சனி, வெள்ளி...’ என்று தொடங்கி, நடுவில் நின்று, சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குழப்பம் இன்னும் தீரவில்லை. நாளுக்கு ஒரு முறை போதும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் ‘என்னைத் தெரியுதா? நான் யார் சொல்லுங்க?’ என்று பரீட்சை வைத்தால் அவர் இன்னும் மிரண்டுபோவார்.

ஏன் இதய ஆபரேஷனில் இவ்வளவு அதிகம்? பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்வதுதான். ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் செயற்கைக் குழாய்களில் ஓடும்போது உடம்பு முழுவதும் அழற்சி கிளம்புகிறது, அதன் தாக்கம் மூளைக்கும் போகிறது. பெரிய ரத்தக்குழாயைக் கவ்வும்போது நுண்ணிய துகள்கள் உதிரலாம். ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். நெஞ்செலும்பைப் பிளந்த வலி இருக்கும். அதோடு ஐசியூ: விடிய விடிய விளக்கு, அலாரம், மணிக்கொரு தரம் எழுப்பி ரத்தம் எடுப்பது, பகலா இரவா தெரியாத நிலை. வயது, ஏற்கெனவே லேசான மறதி, முன்பு வந்த பக்கவாதம், சர்க்கரை, காது கண் குறைபாடு ஆகியவை மூளையின் தாங்கும் சக்தியை முன்பே குறைத்து வைத்திருக்கும். அதனால்தான் அதே ஆபரேஷன் ஐம்பது வயதுக்காரரை அசைக்காது, எழுபதைத் தாண்டியவரைக் குழப்பிவிடும். ‘மயக்க மருந்து அதிகமாகிவிட்டதா?’ என்ற ஒரே கேள்வியில் பழியைப் போட்டுவிடுவது சரியல்ல.

இதற்கு மேல் வந்து சேரும் காரணங்களில் பெரும்பாலானவை திருத்தக்கூடியவை. சோடியம் குறைவு, ரத்தசோகை, காய்ச்சலும் தொற்றும், இதயத் துடிப்பு தாறுமாறாவது, சிறுநீரகச் செயல்பாடு குறைவது ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் காட்டிவிடும். ஆனால் இரண்டு விஷயம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது: மலச்சிக்கல், மூத்திர அடைப்பு. யூரின் டியூப்பை எடுத்த பிறகு சிறுநீர் கழிக்க முடியாமல் அடிவயிறு உப்பிக்கொண்டு, அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு பெரியவர் ராத்திரி முழுக்கக் கத்துவார். அடிவயிற்றை ஸ்கேன் செய்து பார்த்து நீரை வெளியேற்றினால் சில மணி நேரத்தில் அடங்கிவிடுவார். ‘எத்தனை நாளாக மலம் போகவில்லை, கடைசியாக எப்போது சிறுநீர் போனார்?’ என்ற கேள்வியை நீங்களே கேட்கலாம்.

வலியில் ஒரு சங்கடம் இருக்கிறது. மார்ஃபின் வகை மருந்து அதிகமானால் குழப்பம் வரும், வலியை அடக்காமல் விட்டாலும் குழப்பம் வரும். அதனால் பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுத்து, வலுவான வலி மருந்தைத் தேவையான அளவுக்கு மட்டும் சேர்ப்பதுதான் சரியான வழி. பழைய வகை அலர்ஜி மருந்துகளான குளோர்பெனிரமின், பெனிரமின், ப்ரோமெதசின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் முதியவரின் மூளையைக் கலக்கிவிடும். அரிப்புக்கோ சளிக்கோ வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. பைபாஸ் முடிந்த நாட்களில் அவை இதயத்துக்கே ஆபத்து.

இனி தூக்க ஊசி. உறவினர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் இப்போது ஏற்கெனவே மந்தமாக இருக்கிறார், அதன் மேல் இன்னொரு மருந்து மூச்சையே குறைத்துவிடும். மிடாசோலம், லோராசெபம் போன்ற ஊசிகள் தருவது இயற்கையான தூக்கம் அல்ல. மருந்து தெளியும்போது பல நேரம் குழப்பம் முன்பைவிட அதிகமாகிறது. விதிவிலக்கு முன்பு சொன்ன இரண்டு நிலைமைதான். அல்ப்ரசோலமோ குடியோ திடீரென்று நின்றதால் வந்த குழப்பம் என்றால் அல்ப்ரசோலம், லோராசெபம் அடங்கிய அதே வகை மருந்தை அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே சிகிச்சை. குடி என்றால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் சேரும். அந்த விவரம் தெரியாத டாக்டர், மற்ற எல்லா நோயாளிக்கும் சரியாக இருக்கும் விதிப்படி அந்த மருந்தைத் தவிர்த்துக்கொண்டே இருப்பார். நான் அந்த மாத்திரை அட்டையை இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஹாலோபெரிடால், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் டெலிரியத்தைக் குணமாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐசியூ நோயாளிகள் 566 பேரிடம் ஹாலோபெரிடால், அதே வகையான ஜிப்ராசிடோன், வெறும் உப்புநீர் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். குழப்பம் நீடித்த நாட்களில் வித்தியாசம் இல்லை. அதனால் இவற்றுக்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: நோயாளி தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்குக் கலகம் செய்யும்போது, அதை அடக்க, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும். முதியவருக்கு ஹாலோபெரிடால் என்றால் அரை மில்லிகிராமிலிருந்து தொடங்குவார்கள். இவை இதயத்தின் மின்னோட்டத்தில் இடைவெளியை நீட்டித்து ஆபத்தான துடிப்பை உண்டாக்கலாம் என்பதால் ஈசிஜியும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் ‘தூக்க ஊசி போடுங்கள்’ என்று கேட்பதற்குப் பதில் ‘காரணம் என்ன என்று எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள்?’ என்று கேளுங்கள்.

கையைக் கட்டியது உங்களை மிகவும் வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. கழுத்து ரத்தக்குழாயில் போட்ட லைன், நெஞ்சு டியூப், இதயத்தில் தைத்த பேஸ்மேக்கர் கம்பி இவற்றைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. கட்டிய நெஞ்செலும்புக் கம்பிகள் மூர்க்கமாகப் புரண்டாலும் கையை ஊன்றி எழுந்தாலும் அறுந்துபோகலாம். நர்ஸ் அந்த நிமிடத்தில் செய்தது அதைத் தடுக்கத்தான். ஆனால் கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும், ஏனென்றால் கட்டினால் திமிறல் கூடும். ‘நாங்கள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறோம், அவிழ்க்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். உறை போன்ற பஞ்சுக் கையுறை போட்டாலே பிடுங்குவது குறையும். தேவை முடிந்த டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது இன்னும் நல்லது. யூரின் டியூப் உள்ளே இருக்கும்போது எந்நேரமும் மூத்திரம் முட்டுவதுபோல இருக்கும். அவர் அதை இழுத்தது கழிவறைக்குப் போவதற்காகவே இருக்கலாம்.

இப்போது காது மெஷினுக்கு வருகிறேன். தயவுசெய்து இன்றே கொண்டுபோங்கள். காது கேட்காதவருக்கு நர்ஸின் உதட்டசைவு மட்டும் தெரியும், என்ன மருந்து என்று சொல்வது கேட்காது. ஏற்கெனவே குழம்பிய மூளை அந்த இடைவெளியைச் சந்தேகத்தால் நிரப்பும். ‘மருந்தில் எதையோ கலக்கிறார்’ என்பது அப்படியும் பிறக்கலாம். பேட்டரி வேலை செய்கிறதா என்று பாருங்கள், பெயர் எழுதிய சிறு டப்பாவில் வையுங்கள், ‘பகலில் போட்டுவிடுங்கள், ராத்திரி இந்த டப்பாவில்’ என்று நர்ஸிடம் சொல்லி ஒப்படையுங்கள். கண்ணாடியும் பல்செட்டும் இருந்தால் அவையும் அப்படியே. சுவரில் எறும்பு தெரிவதில் பாதி, மங்கல் வெளிச்சமும் கண்ணாடி இல்லாத கண்ணும் சேர்ந்து செய்வது. விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டினால் சில எறும்புகள் காணாமல் போகும்.

பேசும்போது எதிரில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி உட்காருங்கள். ‘அப்பா, நான்தான் வந்திருக்கேன். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. ஹார்ட் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இப்ப காலையில பத்து மணி.’ இவ்வளவுதான்; சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும். எறும்பு இல்லை என்று வாதாடாதீர்கள், இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ‘எனக்குத் தெரியலப்பா. உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது. நான் இங்கேயேதான் இருக்கேன்’ என்றால் போதும். அவர் காதுபடக் கிசுகிசுக்காதீர்கள், சந்தேகம் கூடும். அம்மாவை அடையாளம் தெரியாமல் போனது நோயின் வேலை என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், அழுகை வந்தால் வெளியே போய் அழட்டும். ஒரு நேரத்தில் ஒருவர், அதிகபட்சம் இருவர் இருந்தால் போதும். கடிகாரம் கண்ணில் படட்டும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் விடச் சொல்லுங்கள், டாக்டர் அனுமதித்தால் நாற்காலியில் உட்காரவைத்து, நடக்கவைக்கச் சொல்லுங்கள். பகல் தூக்கத்தைக் கலைத்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். ராத்திரி விளக்கைத் தணித்து, முடிந்த அளவுக்கு ஊசி, பிபி, மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆள் மந்தமாக இருக்கும்போது மட்டும் வாயில் எதுவும் ஊட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

மூளை பாதித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணத்தைச் சரிசெய்தால் சில நாட்களில், சிலருக்கு ஓரிரு வாரத்தில், குழப்பம் விலகிவிடும். தெளிந்த பிறகும் ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் மந்தமாக இருக்கும். மனம் தளர வேண்டாம். ஆனால் ‘எல்லாம் முழுசாகப் பழையபடி ஆகிவிடும்’ என்று உறுதி தருவது நேர்மையாகாது. 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 225 பேரை இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. டெலிரியம் வராதவர்களின் நினைவாற்றல் சுமார் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. வந்தவர்களுக்கு அதற்கு மாதக்கணக்கில் ஆனது, சிலர் ஒரு வருடத்திலும் முழுதாகத் திரும்பவில்லை. அதனால் முதல் ஒன்றரை மாதத்துக்கு மாத்திரைகளை அவர் பொறுப்பில் விடாதீர்கள், வேளைவாரியாகப் பிரித்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். ‘போட்டேனா இல்லையா’ என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை போட்டுவிடுவது இந்த நேரத்தில்தான் நடக்கும். வங்கி, சொத்து சம்பந்தமான கையெழுத்துகளைத் தள்ளிவையுங்கள். மூன்று மாதம் கழிந்தும் பேச்சிலோ கணக்கிலோ தடுமாற்றம் இருந்தால் நினைவாற்றல் பரிசோதனை கேளுங்கள். முன்பே மெல்லத் தொடங்கிய மறதி நோய் சிலரிடம் இப்படித்தான் முதன்முதலில் வெளிப்படும்.

வீட்டுக்கு வந்த பிறகு குழப்பம் புதிதாகவோ மறுபடியோ வந்தால், அதுவும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, மூச்சுவாங்கல், சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால், நாளைக்கு என்று விடாமல் உடனே கொண்டுபோங்கள்.

அவருக்கு இந்த நாட்கள் துண்டு துண்டாக நினைவிருக்கலாம். நர்ஸைத் திட்டியது, அம்மாவை விரட்டியது எல்லாம் ஞாபகம் வந்து கூனிக் குறுகுவார், அல்லது ‘என்னைக் கொல்லப் பார்த்தார்கள்’ என்று இன்னும் நம்புவார். அவரே கேட்கும்போது என்ன நடந்தது என்று நாள்வாரியாகச் சொல்லுங்கள். இப்போதே ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அப்போது உதவும். கெட்ட கனவு, தூக்கமின்மை, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது எல்லாம் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அல்ப்ரசோலத்தை இந்தச் சாக்கில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம் வந்தது’ என்றும், அது எத்தனை நாள் இருந்தது, என்ன காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்குக் கண்புரைக்கோ மூட்டுக்கோ ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.